சிங்கப்பூர் வீழ்ச்சியும் இந்திய மருத்துவர்களும் (1942–1945)

இரண்டாம் உலகப்போரில் 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் சரணடைந்தது. அங்கிருந்த இந்திய மருத்துவர்கள் சிலர் அப்போது இரண்டு கடமைகளுக்கு நடுவே அகப்பட்டனர். நோயாளி எந்தத் தரப்பைச் சேர்ந்தவனானாலும் கைவிடக்கூடாது என்பது ஒன்று. நாட்டுக்கு விசுவாசமாக இருக்கவேண்டும் என்பது இன்னொன்று. எந்த நாட்டுக்கு என்பதிலேயே அவர்களுக்குத் தெளிவில்லை என்பது இந்த நிகழ்வின் தனித்தன்மை. சத்தியப் பிரமாணம் பிரிட்டிஷ் மன்னர் பெயரில் எடுக்கப்பட்டது, பற்று இந்தியாவின் மீது இருந்தது, நகரமோ ஜப்பானியர் கையில் இருந்தது. ஏ.டி. லோகநாதன், லட்சுமி சுவாமிநாதன், திவான் சிங் ஆகிய மூவரின் வாழ்க்கை வழியாக இதை ஓரளவு தொகுத்துக் காணமுடியும்.

பின்னணி

மலேயாவிலும் சிங்கப்பூரிலும் அன்று வாழ்ந்த இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள். கங்காணி முறையில் ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும்தான் அதிகம். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடஆற்காடு மாவட்டங்கள் ஆள் அனுப்பியதில் முன்னணியில் இருந்தன. கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் சுற்றுவட்டாரக் கிராமங்களின் நிலமற்ற கூலிகளுக்கு நாகப்பட்டினம் துறைமுகம் பக்கத்தில் இருந்தது. அங்கே கப்பலேறினால் பினாங்கு, அதற்கப்பால் சிங்கப்பூர். காவிரிப் பாசனத்தில் நெல் கொழித்தாலும் அறுத்தவன் வீட்டில் அது தங்கவில்லை என்பதே இந்தப் பயணங்களின் முதன்மைக் காரணம். தோட்டக்கூலிகளின் நிலை மோசமானதால் 1938-ல் இந்திய அரசு மலேயாவுக்குக் கூலிகளை அனுப்புவதைத் தடைசெய்தது. போனவர்கள் அங்கேயே இருந்தார்கள். போர் வந்ததும் தபால் நின்றது, மணியார்டர் நின்றது. 1942 முதல் 1945 வரை டெல்டா கிராமங்களில் பல குடும்பங்களுக்கு அக்கரையில் இருப்பவர் உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாமல் போயிற்று. இக்கட்டுரையில் பேசப்படும் மருத்துவர்களின் நோயாளிகளில் பலர் இந்தக் கூலிகளே.

மருத்துவருக்கு இருந்த பாதுகாப்பு

1929-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை படை மருத்துவர்களுக்குத் தனி இடம் அளித்தது. எதிரியிடம் அகப்பட்டால் அவர்கள் போர்க்கைதிகளாக நடத்தப்படக்கூடாது, வழி திறந்ததும் தம் தரப்புக்குத் திருப்பி அனுப்பப்படவேண்டும், இடைக்காலத்தில் காயம்பட்டோரைக் கவனிக்க அனுமதிக்கப்படவேண்டும். காயம்பட்டோர் குறித்த இந்த உடன்படிக்கையை ஜப்பான் ஏற்றிருந்தது. போர்க்கைதிகள் குறித்த இன்னொரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டதே தவிர அதை உறுதிசெய்யவில்லை.

காகிதத்தில் இருந்தது களத்தில் நிற்கவில்லை. சரணடைவதற்கு முந்தைய நாள், 1942 பிப்ரவரி 14 அன்று, ஜப்பானியப் படையினர் சிங்கப்பூரின் அலெக்சாண்ட்ரா ராணுவ மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் ஊழியர்களையும் கொன்றனர். அறுவை சிகிச்சை மேசையில் கிடந்தவரும் தப்பவில்லை. இறந்தோர் சுமார் 200 பேர் என்று கணக்கிடப்படுகிறது. பின்வாங்கிய இந்தியப் படைப்பிரிவு ஒன்று மருத்துவமனை வளாகத்திலிருந்து சுட்டதே இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அதை உண்மையென்றே கொண்டாலும் படுக்கையில் கிடந்தவர்களைக் கொன்றதற்கு அது சமாதானமாகாது. ஆனால் செஞ்சிலுவைக் குறி யாரையும் தானாகக் காப்பாற்றாது என்பதை அந்த நகரத்தின் மருத்துவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

ஃபேரர் பூங்கா

1942 பிப்ரவரி 17 அன்று இந்தியப் போர்க்கைதிகள் மட்டும் பிரிட்டிஷ் அதிகாரிகளிடமிருந்து பிரிக்கப்பட்டு ஃபேரர் பூங்காவில் கூட்டப்பட்டனர். 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். பிரிட்டிஷ் தரப்பு அதிகாரி அவர்களை ஜப்பானின் மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அது.

அந்த ஒப்படைப்பு பலர் மனதில் ஒரு கணக்கைத் தீர்த்துவைத்தது. மன்னரின் அதிகாரியே நம்மைக் கைமாற்றிவிட்ட பிறகு மன்னருக்குச் செய்த சத்தியம் எதற்கு என்று கேட்டவர்கள் புதிய படையில் சேர்ந்தனர். சத்தியம் சத்தியமே என்று மறுத்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களில் பலர் பின்னர் நியூகினி போன்ற தொலைதீவுகளுக்கு வேலைப்படையாக அனுப்பப்பட்டு பசியிலும் நோயிலும் மாண்டனர். மறுத்தவர்களைத் துரோகிகள் என்றோ சேர்ந்தவர்களைச் சந்தர்ப்பவாதிகள் என்றோ சொல்லும் எழுத்து இரு பக்கமும் உண்டு. இரண்டும் அன்றைய முகாமைக் காணாமல் எழுதியவை.

மருத்துவர்களின் நிலை சற்று வேறு. இந்திய மருத்துவப் பணி எனப்பட்ட ஐ.எம்.எஸ். அடிப்படையில் ஒரு ராணுவப் பணி. அதன் அதிகாரிகள் மன்னரின் ஆணையால் பதவி பெற்றவர்கள். படைவீரன் எதிர்த்தரப்பில் சேர்ந்தால் துப்பாக்கியின் திசை மாறுகிறது. மருத்துவர் சேர்ந்தால் என்ன மாறுகிறது? அதே முகாமில், அதே சீதபேதிக்கும் மலேரியாவுக்கும்தான் அவர் மருந்து கொடுக்கப்போகிறார். ஆகவே மருத்துவர்களுக்கு இந்தத் தாவல் எளிதாகத் தோன்றியிருக்கக்கூடும். ஐ.எம்.எஸ். அதிகாரிகளான ஏ.சி. சட்டர்ஜி, ஏ.டி. லோகநாதன் ஆகியோர் இந்திய தேசிய ராணுவத்தில் மேஜர் ஜெனரல் நிலைக்கு உயர்ந்தனர். இருவரும் மருத்துவத்தோடு நிற்கவில்லை, ஆட்சிப் பொறுப்புகளுக்கும் போனார்கள். ஆளுநர் பதவியில் அமரும் மருத்துவருக்கு ஜெனீவா உடன்படிக்கையின் நிழல் கிடையாது. அதை அறிந்தே அவர்கள் அதை விட்டு வெளியே வந்தார்கள் என்று கொள்ளவேண்டும்.

இதே காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் ஏராளமான தமிழ் மருத்துவர்கள் பணியாற்றினர். 1943 ஏப்ரலில் ஐ.எம்.எஸ்.ஸின் ராணுவப் பிரிவும் மற்ற மருத்துவப் பிரிவுகளும் இணைக்கப்பட்டு இந்திய ராணுவ மருத்துவப் படை உருவானது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் இம்பால் போர்முனையின் இரு பக்கங்களிலும் இருந்திருக்கிறார்கள்.

லட்சுமி சுவாமிநாதன்

லட்சுமி 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை எஸ். சுவாமிநாதன் உயர்நீதிமன்ற வழக்கறிஞர். தாய் அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். 1938-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்து மகப்பேறு மருத்துவத்தில் டிப்ளமோவும் பெற்றார். திருவல்லிக்கேணியில் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் மருத்துவமனையில் பணியாற்றினார். 1940-ல் சிங்கப்பூர் சென்று கிளினிக் தொடங்கினார். அங்கு அவரிடம் வந்தவர்களில் ஏழை இந்தியத் தொழிலாளர்களே அதிகம்.

நகரம் வீழ்ந்தபோது அவர் ராணுவ மருத்துவர் அல்லர். எந்த மன்னருக்கும் சத்தியம் செய்தவர் அல்லர். காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தபடி நகரத்திலேயே இருந்தார். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து பெண்கள் படை ஒன்று வேண்டும் என்று அறிவித்தபோது லட்சுமி கிளினிக்கை மூடிவிட்டு அதன் தலைமையை ஏற்றார். 1943 அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசில் பெண்கள் துறைக்கும் அவரே பொறுப்பு. அதே அமைச்சரவையில் படைகளின் பிரதிநிதிகளுள் ஒருவராக லோகநாதனும் இருந்தார்.

ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் மலேயாவின் தமிழ்ப் பெண்கள். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் அவர்கள் மகள்களும் கணிசமாக இருந்தனர். பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தாய்நாடு என்பது அவர்களுக்கு அப்பாவோ தாத்தாவோ சொன்ன ஊர்ப்பெயர்.

லட்சுமியின் முடிவில் மருத்துவர் என்ற அடையாளம் பின்னுக்குப் போய்விட்டதாக ஒரு விமர்சனம் உண்டு. மருந்துப்பெட்டியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார் என்பார்கள். நடந்தது அப்படியே அல்ல. படைப்பிரிவு துப்பாக்கிப் பயிற்சி பெற்றது உண்மை. ஆனால் 1944-ல் பர்மா சென்றபின் அது போர்முனையில் இறக்கப்படவில்லை. இம்பால் தாக்குதல் உடைந்து, வீரர்கள் மழையிலும் சேற்றிலும் திரும்பியபோது மேமியோவில் அவர்களைக் கவனிக்கும் வேலைதான் இருந்தது. குண்டுக்காயத்தைவிட மலேரியா, சீதபேதி, பெரிபெரி ஆகியவையே அதிகம் கொன்றன. போருக்கு முன் உலகின் கொய்னாவில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்தது. ஜாவா 1942 முதல் ஜப்பான் வசம். அப்படியிருந்தும் ஜப்பானோடு சேர்ந்து போரிட்ட இந்திய வீரனுக்கு மலேரியா மாத்திரை போதவில்லை.

ஒரே தலைவர், எதிரெதிர் முகாம்கள்

இங்கே சற்று விலகி ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 1938-ல் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ், ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய சீனாவுக்கு ஒரு மருத்துவக் குழுவை அனுப்ப ஏற்பாடு செய்தார். எம். அடல் தலைமையில் ஐந்து மருத்துவர்கள் போனார்கள். அவர்களில் ஒருவரான சோலாப்பூர் துவாரகாநாத் கோட்னிஸ் ஊர் திரும்பவில்லை. சீனப் போர்முனையில் அறுவை சிகிச்சை செய்தபடியே இருந்து 1942 டிசம்பர் 9 அன்று நோயுற்று இறந்தார். அதே 1942-ல் சிங்கப்பூரில் இந்திய மருத்துவர்கள் ஜப்பானியத் துணையுடன் உருவான படையில் இருந்தார்கள். ஏழு மாதம் கழித்து அதன் தலைமைக்கு வந்தவர் போஸ். தேசப்பற்று இரு இடத்திலும் ஒன்றுதான். அந்தப் பற்று யாருடைய துப்பாக்கிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னது என்பது மட்டும் நான்கு ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது.

அந்தமான்: திவான் சிங்கும் லோகநாதனும்

ஜப்பான் 1942 மார்ச் 23 அன்று அந்தமானைக் கைப்பற்றியது. போர்ட் பிளேரில் அப்போது மருத்துவராக இருந்தவர் திவான் சிங். பஞ்சாபியில் கவிதை எழுதியவர். 1920-களில் அரசியல் பேச்சுக்காக அந்தமானுக்கு மாற்றப்பட்டவர் என்று அவரது வரலாறு கூறுகிறது. ஜப்பானிய ஆட்சியில் இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவரானார். பிரிட்டிஷ் ஆட்சி ஒழிந்ததில் அவருக்கு வருத்தம் இருக்கக் காரணம் இல்லை.

பிரச்சினை புதிய ஆட்சியாளர்களோடு தொடங்கியது. தீவுவாசிகள் உளவுக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதுசெய்யப்பட்டனர், அடித்து வதைக்கப்பட்டனர். திவான் சிங் அவர்களுக்காகப் பேசினார். ஜப்பானியப் படையினருக்காகக் கொண்டுவரப்பட்ட கொரியப் பெண்களைத் தங்கவைக்க குருத்வாராவைக் கேட்டபோது மறுத்தார் என்று அவரைப் பற்றிய வரலாறுகள் சொல்கின்றன. 1943 அக்டோபரில் அவரும் கைதானார். செல்லுலார் சிறையில் சுமார் 80 நாட்கள் சித்திரவதை செய்யப்பட்டு 1944 ஜனவரி 14 அன்று இறந்தார்.

1943 டிசம்பர் இறுதியில் போஸ் அந்தமான் வந்தார். இந்திய மண்ணில் மூவண்ணக்கொடி ஏற்றினார். செல்லுலார் சிறையும் அவருக்குக் காட்டப்பட்டது. திவான் சிங் அப்போது ஜப்பானியர் பிடியில் உயிரோடு இருந்தார். சந்திப்பு நடக்கவில்லை. போஸ் சென்ற ஒரு மாதத்தில், 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்ச் என்ற இடத்தில் லீகைச் சேர்ந்தவர்கள் உட்பட 44 இந்தியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இந்தத் தீவுகளுக்குத்தான் லோகநாதன் ஆசாத் ஹிந்த் அரசின் ஆணையராக 1944 பிப்ரவரியில் வந்து சேர்ந்தார். சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர், ஐம்பது வயதைக் கடந்தவர், வாழ்நாளில் பெரும்பகுதியை ராணுவ மருத்துவமனைகளில் கழித்தவர். தீவுகளுக்கு ‘ஷாகீத்’, ‘ஸ்வராஜ்’ என்று பெயர் வைக்கப்பட்டிருந்தது. பெயர் மாறியதே தவிர அதிகாரம் மாறவில்லை. ஜப்பானியக் கடற்படை போலீஸ் துறையை ஒப்படைக்க மறுத்தது. உளவு வழக்குகளும் அவர்களிடமே இருந்தன. போலீஸ் இல்லாமல் மற்றத் துறைகளை ஏற்கமாட்டேன் என்று லோகநாதன் நிற்க, கடைசியில் கல்வித்துறை மட்டும் அவர் கைக்கு வந்தது.

லோகநாதனின் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் ஜப்பானைப் பகிரங்கமாகக் கண்டித்திருக்கவேண்டும் என்று பின்னாளில் எழுதியவர்கள் உண்டு. அவரிடம் படையில்லை, கப்பலில்லை, சொந்த வானொலித் தொடர்புகூட இல்லை. கண்டித்தால் அடுத்த அறையில் அவருக்கும் இடம் தயாராக இருந்தது. மௌனமாக இருந்தால் அவர் பெயரில் கொலை நடக்கும். போலீஸைக் கொடு, இல்லையேல் பொறுப்பை ஏற்கமாட்டேன் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே ஒருவர் பிடித்துக்கொள்ளக்கூடிய சிறிய கிளை. அது யாரையும் காப்பாற்றவில்லை. தன் கையெழுத்தை அந்த அறைகளுக்குத் தரவில்லை என்பது மட்டுமே மிச்சம். 1944 பிற்பகுதியில் அவர் தீவைவிட்டுத் திரும்பினார்.

சயாம் ரயில்பாதை

மருத்துவக் கடமையும் விசுவாசமும் மிக விசித்திரமாகக் குறுக்கிட்ட இடம் சயாம்–பர்மா ரயில்பாதை. சுமார் 415 கிலோமீட்டர் நீளம். 1942 நடுப்பகுதி முதல் 1943 அக்டோபர் வரை காட்டை வெட்டிப் போடப்பட்டது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60 ஆயிரம் பேர் அதில் உழைத்தனர், 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் கணக்கு இதைவிடப் பல மடங்கு. இறந்தோர் சுமார் 90 ஆயிரம் என்பது பரவலாகக் குறிப்பிடப்படும் மதிப்பீடு.

மலேயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். ரப்பர் ஏற்றுமதி நின்றிருந்தது, கூலி இல்லை, அரிசி இல்லை. மூன்று மாத வேலை, தினக்கூலி, இலவசச் சாப்பாடு என்று சொல்லி ரயிலேற்றினார்கள். சொல்லி வராதவர்களைப் பிடித்து ஏற்றினார்கள்.

கைதிகளுக்கும் கூலிகளுக்கும் சாவு விகிதத்தில் இவ்வளவு வேறுபாடு ஏன் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. போர்க்கைதிகளின் கூட்டத்தில் அவர்களுடைய படை மருத்துவர்களும் இருந்தார்கள். ஆஸ்திரேலியரான எட்வர்ட் டன்லப் போன்றவர்கள் மூங்கிலிலும் டின்னிலும் கருவிகள் செய்து அறுவை சிகிச்சை நடத்தினர். அதைவிட முக்கியமாக, தண்ணீரைக் கொதிக்கவைக்கவும் கக்கூஸ் குழி தோண்டவும் கட்டளையிட்டு நிறைவேற்றும் அமைப்பு அவர்களிடம் இருந்தது. தமிழ்க் கூலிகளின் முகாம்களில் மருத்துவரும் இல்லை, சொன்னால் கேட்கவைக்கும் அதிகாரியும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகக் காலியானது.

வேலை தடைப்படும் நிலை வந்த பிறகே ஜப்பானியர் அசைந்தனர். சாங்கி முகாமிலிருந்து பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கூலி முகாம்களுக்கு அனுப்பினர். 1943 ஜூனில் சுமார் 230 பேர் கொண்ட ‘கே’ படை, ஆகஸ்டில் 115 பேர் கொண்ட ‘எல்’ படை. பலர் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு, மொழி தெரியாமல், மருந்து அதிகம் இல்லாமல் நூற்றுக்கணக்கான நோயாளிகளுக்கு நடுவே விடப்பட்டனர். எதிரியின் ரயில்பாதை ஓட உதவும் வேலை அது என்று பார்த்தால் அவர்கள் மறுத்திருக்கலாம். பாயில் கிடந்த தமிழனைப் பார்த்தால் மறுக்கமுடியாது. அவர்களில் கணிசமானோர் தாங்களும் அங்கேயே இறந்தனர்.

இதே மாதங்களில்தான் சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசு உருவாகிக்கொண்டிருந்தது. தமிழ்த் தோட்ட மக்கள் தங்கள் நகைகளையும் சேமிப்பையும் அதன் நிதிக்குக் கொடுத்தார்கள். அவர்களுடைய உறவினர் செத்துக்கொண்டிருந்த ரயில்பாதையை நிறுத்தும் வல்லமை அந்த அரசுக்கு இருக்கவில்லை. அதைப் போட்டவர்கள் அதன் கூட்டாளிகள். கும்பகோணத்தில் பிறந்த ஒரு கூலிக்குக் காஞ்சனபுரிக் காட்டில் காலரா கண்டால், அவன் வாயில் உப்புநீர் ஊற்றக்கூடியவர் பிரிட்டிஷ் படையின் கைதி மருத்துவராகவே இருந்தார். இந்திய தேசிய ராணுவம் பற்றிய தமிழ் நூல்கள் பல இந்த ரயில்பாதையை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. ரயில்பாதை பற்றிய நூல்கள் இந்திய தேசிய ராணுவத்தைச் சொல்வதே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் அன்றைய மருத்துவர்கள் எதைத் தேர்ந்தார்கள், எது அவர்கள் தேர்வுக்கே வரவில்லை என்பது புரியும்.

ரங்கூன், 1945

1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை ரங்கூனை நெருங்கியது. ஜப்பானியர் வெளியேறினர். போஸ் ஏப்ரல் 24 அன்று ஜான்சி ராணி படைப் பெண்களுடன் பாங்காக் நோக்கிப் புறப்பட்டார். நகரத்தில் சுமார் 5000 வீரர்களுடன் லோகநாதனை விட்டுச் சென்றார். சண்டையிடுவதற்காக அல்ல. 1942-ல் பிரிட்டிஷார் ஓடியபோது ரங்கூன் இந்தியர்கள் கொள்ளைக்கும் கொலைக்கும் ஆளானதும், நடந்தே இந்தியா போக முயன்றவர்கள் வழியெங்கும் மாண்டதும் மறக்கப்படவில்லை. மே 3 அன்று பிரிட்டிஷ் படை உள்ளே வரும்வரை லோகநாதனின் ஆட்கள் தெருக்களில் காவல் இருந்தனர். பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு சண்டையின்றிச் சரணடைந்தனர். அந்தமானில் கேட்டும் கிடைக்காத போலீஸ் வேலை ரங்கூனில் சில நாட்களுக்கு மட்டும் அவர் கையில் இருந்தது.

பின்னர்

1945 நவம்பரில் செங்கோட்டையில் தொடங்கிய முதல் விசாரணையில் ஷா நவாஸ் கான், பி.கே. சகல், ஜி.எஸ். தில்லான் ஆகியோர் மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்டனர். விடுதலைக்காகப் போரிடும் தற்காலிக அரசின் படையினருக்கு சர்வதேசச் சட்டத்தில் போரிடும் உரிமை உண்டு என்று புலாபாய் தேசாய் வாதிட்டார். தண்டனை விதிக்கப்பட்டும் மக்கள் கொந்தளிப்பால் மூவரும் விடுவிக்கப்பட்டனர். சுதந்திர இந்தியா இந்திய தேசிய ராணுவத்தினரைத் தன் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. சத்தியத்தை மீறியவர் படைக்கு ஆகார் என்ற பிரிட்டிஷ் காலத்து நியாயம் அப்படியே தொடர்ந்தது. லோகநாதன் 1949-ல் இறந்தார்.

லட்சுமி 1945-ல் பர்மாவில் பிடிபட்டு 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1947-ல் பிரேம் சகலை மணந்து கான்பூரில் குடியேறினார். பிரிவினை அகதிகள் வந்திறங்கிய நகரம் அது. இந்து, முஸ்லிம் என்று பாராமல் பார்த்தார். 1971-ல் வங்கதேச அகதிகளுக்காகக் கல்கத்தா பக்கத்து எல்லை முகாம்களிலும், 1984-ல் விஷவாயு கசிந்த போபாலிலும் மருத்துவப் பணி செய்தார். 2002-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட பிறகும் கான்பூர் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. 2012 ஜூலை 23 அன்று 97-ஆம் வயதில் இறந்தார். அவர் விருப்பப்படி உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்களின் படிப்புக்காகக் கொடுக்கப்பட்டது.